தபீதாள் சிஸ்டர் அளந்த உயரங்கள்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுவினரே, மருத்துவர்களே, செவிலியர்களே, தபீதாள் சிஸ்டரின் குடும்பத்தாரே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாம்பரத்துப் பெரியோர்களே! வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தை முன்னிட்டு மருத்துவமனை நிர்வாகக் குழு நேற்று அவசரமாகக் கூடி, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் முக்கியமான முடிவொன்றை எடுத்தது. சிஸ்டரின் படம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம் இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு போதும் என்ற திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. படம் வந்ததும் அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது.

நான் அக்தர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வென்டிலேட்டர்களைப் பராமரிப்பவன். நல்லதை மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதைத்தான் பேசப் போகிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் நான்கு தானியங்கி வென்டிலேட்டர்கள் வந்தன. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்பதை அவையே முடிவு செய்யும். நம்மிடம் முக்கியமாகக் கேட்பது நோயாளியின் உயரத்தை. ஏனென்றால் நுரையீரலின் அளவு பருமனைப் பொறுத்ததல்ல, உயரத்தைப் பொறுத்தது. நாம் மாற்றும்வரை திரையில் நூற்றெழுபது சென்டிமீட்டர் என்றிருக்கும். மயங்கிக் கிடப்பவரின் உயரம் யாருக்குத் தெரியும்? "ஓகே அழுத்துங்க, மீதியை அது பாத்துக்கும்" என்று பயிற்சி வகுப்பில் சொன்னவன் யார்? நான்தான்! அழுத்தினார்கள். மூன்று வாரம் அங்கே படுத்த ஆண், பெண் அனைவரும் நூற்றெழுபது சென்டிமீட்டர். இப்படியொரு சமத்துவத்தை இந்த ஊர் கண்டதில்லை. அந்த மூன்று வாரத்தில் அது யார் யாருக்குக் கெடுதல் செய்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. துணிவில்லை.

நான்காவது வாரம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அம்மணி அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நிமோனியா. ஐந்தரை அடி ஆளுக்குரிய மூச்சை அந்தச் சிறிய உடம்பில் இயந்திரம் விசுவாசமாக ஏற்றிக்கொண்டிருந்தது. அலாரம் ஓயவில்லை. நான் அலாரம் பழுதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் தபீதாள் சிஸ்டர் என்ன செய்தார்? மார்க்கெட்டுக்கு ஆளனுப்பி, தையல்காரர் கழுத்தில் போடும் இஞ்ச் டேப் ஒன்றை வாங்கிவரச் செய்தார். உச்சந்தலையில் ஒரு முனை, குதிகாலில் ஒரு முனை.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்த மகன் ஜெயக்கொடி உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாக்கா, பொட்டிக்கு அளவு எடுக்கறியா? எங்கம்மா உயிரோடதான் கீது."

"உயிரோட இருக்கறதாலதான்பா எடுக்கறேன். செத்தவங்களுக்கு மூச்சு எதுக்கு? அந்த முனையப் புடி."

ஜெயக்கொடி பிடித்தார். நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். எண்ணை மாற்றினார் சிஸ்டர். அலாரம் நின்றது. பதினாறாம் நாள் அம்மணி அம்மா நடந்து வீடு போனார். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? சவப்பெட்டிக்கு அளவெடுப்பது போன்ற தோற்றம் நிறுவனத்தின் நற்பெயரைப் பாதிக்கும், டேப்புக்குத் தடை, உயரத்தைக் கண்ணால் மதிப்பிடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சிஸ்டர் அதை வாங்கினார். படித்தார். பின்பக்கம் காலியாக இருந்ததால் அன்றைய நோயாளிகளின் உயரங்களை அதில் எழுதி வைத்தார். மூன்று முறை விளக்கம் கேட்டார்கள். மூன்று முறையும், "அளந்தேன்" என்று ஒரே சொல்லில் விளக்கினார்.

கடந்த செவ்வாயன்று, காலை ஷிப்டுக்குப் புறப்படும் வேளையில், மாரடைப்பு அவரை நம்மிடமிருந்து கொண்டுபோனது. இங்கே வாசிக்கப்பட்ட இரங்கல் தீர்மானம் அவரை "விதிமுறைகளுக்கு என்றும் கட்டுப்பட்டவர்" என்கிறது. ஐயா, அந்த வரியை எடுத்துவிடுங்கள்! அவர் கட்டுப்படவில்லை. கட்டுப்பட்டிருந்தால் அம்மணி அம்மா இங்கே உட்கார்ந்திருப்பாரா? கட்டுப்பட்டவன் நான். அதற்கு யாரும் எனக்கு இரங்கல் தெரிவிக்க வேண்டாம்.

சுற்றறிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவர் போய்விட்டதால் இனி அமலாகும் என்று சிலர் நம்புகிறார்கள். எங்கள் பிரிவின் செவிலியர் ஏழு பேரும் நானும் இந்தச் சபையில் சொல்கிறோம்: அளப்போம். விளக்கம் கேட்டால், அவர் சொன்னதையே சொல்வோம்.

இறந்துபோன சிஸ்டர் விடுப்பில் இருப்பதாக வருகைப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட இந்த நான்கு நாளும் நாங்கள் யாரும் நோயாளிகளை டேப் வைத்து அளக்கவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு நான்கு நோயாளிகளையும் அளந்தோம். நான்கு இயந்திரங்களிலும் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது.