சபுராளி ஓட்டு

இல்ல தம்பி, லீவு முடியல. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு. நான்தான் பாதியில திரும்பிட்டேன். சொல்றேன், இந்த பஸ்ஸு ருவைஸ் போய்ச் சேர எப்படியும் பொழுது சாஞ்சிடும். அந்தப் பைய மேல போட்டுட்டு கால நீட்டி உக்காருங்க.

எலெக்சனுக்குத்தான் போனேன். எங்க ஊரு பஞ்சாயத்து பிரசிடெண்டு எலெக்சன். யாரு ஜெயிச்சதா? தெரியாதே. எண்ணுறதுக்கு முன்னாடியே ஃப்ளைட் ஏறிட்டேன்.

இந்தத் தடவ எங்க ஊர பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாக. நின்னது ரெண்டே பேரு. ஒண்ணு ஜன்னத்து லாத்தா, என் கூடப்பொறந்த அக்கா. பூட்டு சாவி சின்னம். இன்னொண்ணு ஜுலைஹா, ஆட்டோ சின்னம். ஜுலைஹா யாரா? என் வீட்டுக்காரிதான்.

சிரிங்க, சிரிங்க. கேம்ப்புலயும் இப்படித்தான். மெஸ்ஸுல தட்டத் தூக்கிட்டு நின்னாப் போதும், என்ன ஹஸ்னைன் பாய், அக்காவா பொண்டாட்டியாம்பானுவ. அவனுகளுக்கு என்ன, கூத்து.

லாத்தாவ எப்படி வேணாங்கறது? உம்மா மௌத்தானப்ப நான் தவழ்ற புள்ள. இடுப்ப விட்டு எறக்காம வளத்தாக. சரி, ஜுலைஹாவ எப்படி வேணாங்கறது? கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே நான் சபுருன்னு இந்த அரபு நாட்டுக்கு வந்துட்டேன். காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதும் அவதான், வீட்டுக்குக் கூரை போட ஆளப் புடிச்சதும் அவதான். ஒங்க வீட்டத் தாங்குனவ இந்த ஊரத் தாங்க மாட்டேனாங்கறா. நியாயந்தானே?

அதுனால எதுலயும் ரெண்டு. ஒரே கலர்ல சேலை ரெண்டு. டேங்கு ஜூஸ் பொடி டப்பா ரெண்டு. ஜுலைஹா தம்பி சித்தீக்குக்கு ஒரு வாட்ச்சு, லாத்தா மவன் ஹாதிக்கு ஒரு வாட்ச்சு, அதுவும் ஒரே மாடலு. மத்தியானச் சோறும் ரெண்டுதான். லாத்தா வீட்ல மூக்கு முட்டத் தின்னுட்டு, இங்க வந்து பசிக்குதுன்னு உக்காருவேன். ஜுலைஹா என் வெரல மோந்து பாப்பா. அங்க கொழம்பு கொஞ்சம் புளிப்போம்பா.

ஓட்டு யாருக்குன்னு கேட்டா, அல்லா நாடுனபடின்னுட்டு எந்திரிச்சிருவேன். அதுதான் வெனையாப் போச்சு. அவ ஒன்ன முந்தானையில முடிஞ்சிட்டா, இனி நீ எங்க எனக்குப் போடப் போறேன்னு லாத்தா அழுதாக. ரத்தம் ரத்தத்தோடதான் போவும், எனக்குத் தெரியாதான்னு இவ. வரிசையில நிக்கறப்பக்கூட முடிவு இல்ல. முத்திரைய கையில வாங்குனா அது தானாப் போய் எங்கயாச்சும் குத்தும்னு நெனச்சேன்.

உள்ள போனா ஆபீசரு, இந்தப் பேருக்குக் காலையிலயே போட்டாச்சேங்கறாரு.

கோவம் வரல தம்பி. எங்க ஊர்ல பாதி ஆம்பள சபுர்ல. சபுராளி ஓட்டு சும்மா கெடக்குமா? முந்துன எவனாச்சும் போட்டுருவான். நானும் ருவைஸ்ல பைப்புக்குக் கீழ படுத்துக் கெடந்துக்கிட்டே ரெண்டு தடவ ஓட்டுப் போட்ருக்கேன். இந்தத் தடவ நெசமான ஆளே வந்துட்டேன் சார்னேன். அவரு வெளியூரு, நல்ல மனுசன். பாஸ்போர்ட்டு இருக்கான்னாரு.

ஓட்டர் கார்டு நான் எடுத்ததே இல்ல, பாஸ்போர்ட்டு வீட்ல, பெட்டியில. இங்க கம்பெனி கேட்டுல நிக்கிற பட்டான் வாச்மேன், மண்காத்துக்கு மூஞ்சி பூரா துணியச் சுத்திக்கிட்டுப் போனாலும் ஹஸ்னைன் பாய்னு கையாட்டி விடுறான். சொந்த ஊர்ல எவன் பாஸ்போர்ட்டத் தூக்கிட்டு அலைவான்?

அவரும் விட்டுக்குடுத்தாரு. ரெண்டு பக்க ஏஜெண்டும் ஒங்க ஊருதானே, யாராச்சும் ஒருத்தர் இவர்தான்னு சொல்லட்டும், வேற சீட்டுத் தர்றேன்னாரு. எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ஏஜெண்டு யாருங்கறீங்க? ஆட்டோவுக்கு சித்தீக்கு. பூட்டு சாவிக்கு ஹாதி.

செக்போஸ்ட்டு வருது போல. ஒங்க பத்தாக்காவ, அதான் ஐடி கார்ட, கையில எடுத்து வச்சுக்கங்க, மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாப்பான்.

ஆங்... ஹாதி தலையத் தூக்கல. தெரியாது சார்னான். நான் சித்தீக்கப் பாத்தேன். அவன் ஜன்னலப் பாத்துக்கிட்டே, எங்க பக்கமும் தெரியாதுன்னான். நான் அடுத்த பக்கம் குத்திருவேன்னு ரெண்டு பேருக்கும் பயம். ஊரே வெட்டிக்கிட்டுக் கெடந்த எலெக்சன்ல ரெண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்துலதான் தம்பி.

மேசை மேல ரெண்டு பேரு கையும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டு வாட்ச்சும் ஒரே நேரம் காட்டுச்சு. நான்தான் குடுக்கறதுக்கு முன்னாடி திருப்பி வச்சேன், நம்மூரு நேரத்துக்கு.