பெருநாள் பிரியாணியும் ஒரு தப்பான சிப்பும்

— இதுக்கெல்லாம் எனக்கு அருகதை இல்ல மக்பூல் பாய். பிரியாணிய எடுத்துட்டுப் போங்க.

— இன்னா பிரிசில்லாம்மா, இப்படிச் சொல்லிட்டீங்க! பெருநாள் பிரியாணி. மொத சட்டி உங்களுக்குத்தான்னு எங்கூட்ல அக்தரி கறியா பொறுக்கி வெச்சு அனுப்பிச்சிருக்கா. என் தோஸ்த் ஜெயசீலன் உசுரோட இருக்கான்னா உங்க சிப்பாலதான்.

— அந்தச் சிப்பாலயா? உங்க ஷூ கம்பெனியில எல்லாருக்கும் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணதுல அது தோத்துப்போச்சு பாய். எத்தினி வருஷ உழைப்பு! நாளைக்கு எங்க புரொஃபசர்கிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன்.

— அட, ஒரு சொட்டு ரத்தத்துல நெஞ்சுக்குள்ள இருக்குறத சொல்லிச்சே!

— யாரு நெஞ்ச சொல்லிச்சு? அதுல இருக்குற கம்பி, தலைமுடிய ஆயிரமா கிழிச்சா ஒண்ணு. இருதயம் அடிபட்டா ரத்தத்துல ஒரு புரோட்டீன் கசியும். அது கம்பில ஒட்டினா கரண்ட் மாறும். ஜெயசீலன் அண்ணன் விரல்ல சோல் ஒட்டுற பசை இருந்திச்சு, அவர் சிப்பு ஒண்ணுமே காட்டல. உங்க பேர் போட்ட சிப்புதான் எகிறிச்சு.

— ஆமா, சாயந்திரமே போன் போட்டீங்க. 'பாய், நிக்காதீங்க, வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க'ன்னு அழுவாத கொறையா சொன்னீங்க. பெத்த பொண்ணு மாதிரி.

— வந்தீங்க. ஆனா ஜெயசீலன் அண்ணன இழுத்துட்டு வந்து, 'மொதல்ல இவனப் பாருங்க'ன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டீங்க. பாத்தா அவருக்கு அடைப்பு, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நோயாளிய விட்டுட்டு நல்லா இருக்குறவரப் புடிக்கிற சிப்பு எதுக்கு பாய்?

— அவன் வரவே மாட்டேன்னான். வாயுன்னு சோடா குடிச்சிட்டு ஒக்காந்திருந்தான், பேஜாரு புடிச்சவன். ஆட்டோவுல தள்ளி ஏத்தினேன். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா... வேணாம், அல்லா காப்பாத்தினான். இன்னிக்குக் காலைல நடந்தே எங்கூட்டுக்கு வந்தாம்மா. டாக்டர் கறி வேணான்னாராம், வெறும் சோறும் கத்திரிக்காயும் சாப்பிட்டான். பாத்துக்கினே இருந்தேன், கண்ணு நெறஞ்சிடுச்சு.

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவரக் காப்பாத்தினது நீங்கதான், உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. போன் வந்தது உங்களுக்கு. ஆபத்து அவருக்குன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?

— திட்டக் கூடாது.

— சொல்லுங்க பாய்.

— நீங்க ரத்தம் எடுத்தன்னிக்கு எனக்கு நோன்பு. ரத்தம் வந்தா முறிஞ்சிடுமோன்னு தயங்கி நின்னேன். 'நீ இரு பாய்'னுட்டு, கையக் கழுவிட்டு ரெண்டாவது தடவ வந்து, டீ டைம் கூட்டத்துல எம்பேரச் சொல்லி வெரல நீட்டினவன் ஜெயசீலன்தாம்மா.