தண்ணிக் கப்பலுக்கு ஒரு பேரு

அய்யய்யோ, கால்ல அடி படலையே? உக்காருங்க, முதல்ல உக்காருங்க. அந்தச் சத்தம் வேற ஒண்ணுமில்ல, பித்தளைக் குடம். உள்ள பன்னெண்டு ஸ்பூனும் ஒரு பை சோழியும் கிடக்கு. யாராவது கதவைத் தள்ளினா உருண்டு தெருவையே எழுப்பட்டும்னு நான்தான் வெச்சேன். இருட்டினதும் வெச்சிடுவேன். கொஞ்சம் பயந்த சுபாவம் எனக்கு. எதிர் போர்ஷன்ல எட்டிப் பாக்குறாங்களே, காளியாயி அக்கா, அவங்க இன்னும் பயப்படுவாங்க. ஒண்ணுமில்லக்கா, கப்பல் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க, நான் சொன்னேன்ல, அந்த ஜமால் சார். பாருங்க, இனிமே நாம பேசி முடிக்கிற வரைக்கும் அவங்க வாசலைத்தான் கூட்டுவாங்க.

தாப்பாளா? அது கிடக்கட்டும். ரயில் லேட்டா? காபி போடுறேன், குடிச்சாதான் பேச்சு.

பொண்ணா, முழிக்க மாட்டா. அந்தக் குடத்துல சோழி போடச் சொன்னதே அவதான். நாலு வயசு. வள்ளிக்கண்ணு. திருடன் வந்தா பல்லாங்குழி ஆடலாம்னு நினைச்சுக்குவானாம்.

புதுக் கப்பலுக்கு வள்ளிக்கண்ணு அப்பா பேரை வைக்கிறோம்னு உங்க ஆபீஸ் கடுதாசி முந்தாநாளே வந்திருச்சு. இந்தத் தெருவுல இப்ப அதைப் பத்தித்தான் பேச்சு. பீரங்கி எத்தனைன்னு அக்கா கேட்டாங்க. பீரங்கி எல்லாம் இல்லக்கா, சண்டைக் கப்பலுக்குக் குடிதண்ணி, எண்ணெய், அரிசி கொண்டு போய்க் குடுக்கிற கப்பலாம்னேன். அப்ப தண்ணி வண்டின்னு சொல்லுன்னுட்டு முறத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல உக்காந்திருக்கோம். எங்களுக்குத் தண்ணியைக் கப்பல்ல ஏத்துறதுன்னா சிரிப்பாத்தான் இருக்கும்.

ஆனா இவ அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் கிடையாது, சார். தனுஷ்கோடி புயலப்போ மண்டபத்துலேர்ந்து படகுல குடிதண்ணிதானே ஏத்திட்டுப் போனாங்க. சுத்திக் கடலா நிக்குது, குடிக்க ஒரு வாய் இல்லன்னு சனங்க கிடந்த நேரம். ரெண்டு தடவை போயிட்டு வந்தாங்க. போதும், காத்து திரும்புதுன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு பீப்பாய் மிச்சம் இருக்கேன்னாங்களாம். பீப்பாய் போய்ச் சேந்திருச்சு. படகுதான் திரும்பலை. இதெல்லாம் நீங்களே ஃபைல்ல எழுதியிருப்பீங்க, உங்களுக்கே சொல்றேன் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். வர்ற இருபதாம் தேதி பம்பாய்ல தேங்காய் உடைச்சுட்டு, மைக்குல ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதானே? சொல்லுவேனா மாட்டேனான்னு நாளைக்குக் காலையில நீங்க தந்தி அடிக்கணும். மாட்டேன்னா யாரோ பெரிய ஆபீசரோட சம்சாரம் சொல்லுவாங்க. அந்த அம்மா இவங்களைப் பாத்ததுகூட இல்லையாம். அது எனக்குப் பிடிக்கலை, சார். யாரோ ஒருத்தங்க வாயால அந்தப் பேரு கடல்ல இறங்கக் கூடாது. ஆனா என் வாயாலயும் அது வந்ததில்லையே. கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

கான்வென்ட்ல படிச்ச பொண்ணான்னு பாக்குறீங்க. படிச்சேன், நல்லாவே படிச்சேன். பேச்சுப் போட்டியில மூணு வருஷம் நான்தான் முதல் பரிசு. எங்க சிஸ்டர் ஒருத்தங்க, கல்யாணத்துக்கு வந்தவங்க, புருஷன் பேரைச் சொல்லாம இருக்கிறது மூடநம்பிக்கைன்னு மேடையிலேயே சொன்னாங்க. நானும் ஆமா சிஸ்டர்னேன். அன்னைக்கு சாயங்காலமே புருஷன் பேரு என்னன்னு மாமியார் கேட்டாங்க, தண்ணி கொண்டு வரேன்னு உள்ள ஓடிட்டேன். சொன்னா அவங்க ஆயுசு குறையும்னு எங்கம்மா எனக்குப் பால் புகட்டும்போதே சொல்லியிருப்பாங்க போல. உங்க வீட்டுல எப்படி? மக பேரைச் சேத்து, 'சாரா அத்தா'ன்னுதான் கூப்பிடுவாங்களா? பாருங்க, உங்க வீட்டு கமருன்னிசா அக்கா என் கட்சி.

ரேஷன் கார்டு கதையைக் கேளுங்க. குடும்பத் தலைவர் பேரு என்னம்மான்னார் கிளார்க்கு. நான் என்ன பண்ணுவேன், முதல் பாதி தைரியத்துக்கு இன்னொரு வார்த்தைங்க, ரெண்டாவது பாதி அதோ உங்க ஜன்னல்ல தெரியுதே, உச்சிப்பிள்ளையார் உக்காந்திருக்காரே, அதுங்கன்னேன். மனுஷர் திரும்பிப் பாத்தாரு, யோசிச்சாரு, எழுதிட்டாரு. இந்தாங்க கார்டு, நீங்களே வாசிங்க. தைரியப்பாறை.

சிரிங்க சிரிங்க. லீவுல வந்தப்போ இவங்க சிரிச்ச சிரிப்புல அக்கா ஓடி வந்துட்டாங்க. மாத்த வேண்டாம், இருக்கட்டும்னுட்டாங்க. அதுல எனக்கும் ஒரு சௌகரியம், அந்தப் பேரைத் தாராளமாச் சொல்லலாமே. தைரியப்பாறை சார், சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவேன். கப்பல்லேர்ந்து வர்ற கடுதாசியில எல்லாம் கீழே அதான் கையெழுத்து. உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்களேன், கப்பலுக்கு அதையே வெச்சா என்ன? ஏற்கெனவே பலகையில பேரை எழுதி வார்னிஷ் அடிச்சாச்சா. சரி விடுங்க.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ரெண்டாவது பாதி வர்ற எந்த ஊர் பேரையும் நான் சொல்றதில்லை. மத்தவங்க ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கிற ஊரைச் சொல்லுவாங்க இல்ல, நான் கோல்டன் ராக் ஒண்ணுன்னுதான் டிக்கெட் கேப்பேன். இங்கிலீஷ் படிச்ச திமிருன்னு பஸ்ல முணுமுணுப்பாங்க. கோட்டை ஸ்டேஷனுக்கு வெறும் கோட்டை. சிஸ்டருங்க சொல்லிக் குடுத்த இங்கிலீஷுக்கு நான் கண்ட பலன் இதுதான்.

பொண்ணைச் சொல்லச் சொல்லலாமான்னு நானே கேக்க இருந்தேன். அவ தெரு முழுக்கக் கத்துவா. என்ன, சம்சாரம்தான் சொல்லணும்னு விதியா. சரி, பேப்பரைக் குடுங்க, பாப்போம். இந்தக் கப்பலுக்கு லெப்டினன்ட்... இருங்க, புரையேறிடுச்சு. இந்தக் கப்பலுக்கு லெப்டினன்ட்... பாத்தீங்களா. போட்டி மேடையில இருபது நிமிஷம் நின்னவ, சார் நான்.

நீங்க ரொம்ப நல்லவர். இனிமே குறையறதுக்கு ஆயுசு எங்கே இருக்குன்னு உங்க நாக்கு நுனியில நிக்குது, கேக்க மாட்டேங்குறீங்க.

கிளம்புறீங்களா? பாலக்கரைக்குக் கடைசி பஸ் இருக்கு, ஓடினா பிடிச்சிடலாம். நானா, மாமனார் வீட்டுக்கா? கூப்பிடத்தான் கூப்பிடுறாங்க, திருவெறும்பூர்ல பெரிய வீடு, நாலு ஆம்பளைங்க, வாசல்ல நாய். போனா நிம்மதியாத் தூங்கலாம். இந்த வீட்டை விட முடியலைங்க. இவ அப்பா வந்தா நேரா இந்தக் கதவுக்குத்தானே வருவாங்க.

ஆமா, அதான். தாப்பாளைக் கேட்டீங்களே. அது துருப்பிடிச்சுப் போச்சு, போட்டுப் பதினாலு மாசமாச்சு. சொல்லாமக் கொள்ளாம லீவுல வர்றது அவங்க வழக்கம். மெட்ராஸ் பாசஞ்சர்ல வந்து இறங்கி, காலாற நடந்து, நடுராத்திரிக்கு வந்து நிப்பாங்க. ஒரு தடவை பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் தாப்பாள் போட்டு அசந்துட்டேன். தட்டியிருக்காங்க, பிள்ளை முழிச்சிடுமேன்னு மெதுவா. காலையில கோலம் போடக் கதவைத் திறந்தா, பெட்டியைத் தலைக்கு வெச்சுப் படியில படுத்திருக்காங்க, சட்டை பூரா பனி. இனிமே போட மாட்டேன்னு சொன்னேன். உடம்பு கிடைக்கலைன்னுதானே சார் கடுதாசியில எழுதினீங்க. கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்னு எழுதலையே. அதான் போடலை. ஆனா பயமா இருக்கே, அதுக்குத்தான் குடம். ராத்திரி எலி ஓடினா உயிர் போகும். குடம் உருண்டா, திருடனா இருக்கக் கூடாதுன்னு ஒரு மனசு, அவங்களா இருக்கணும்னு ஒரு மனசு. இன்னைக்கு நீங்க தள்ளினீங்க.

உங்க மேல கோபம் இல்ல. உங்க முகத்தைப் பாத்ததும் ஒரு நிமிஷம் உக்காந்துட்டேன், அவ்வளவுதான்.

வெளிய நில்லுங்க, சார். செருப்பைப் போட்டுக்கிட்டு அங்கேயே நில்லுங்க. கதவைச் சாத்திக்கிறேன். ஆளைப் பாத்தா வராது, கதவைப் பாத்தா வருமோ என்னவோ. காளியாயி அக்கா, நீங்களும் விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டுக் கேளுங்க. இந்தக் கப்பலுக்கு லெப்டினன்ட்...

லெப்டினன்ட் வீரமலை என்று பெயர் சூட்டுகிறேன்.

கேட்டுச்சா? வீரமலை. சரியாத்தானே சொன்னேன்? அப்ப காலையில தந்தி அடிச்சிடுங்க, வரேன்னு.

இருங்க, போயிடாதீங்க. இந்தத் தாப்பாள் துருவை... ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். இறங்குது. ம்... இறங்கிடுச்சு.

கொஞ்சம் தள்ளிப் பாருங்க, சார். இன்னும் பலமா.

திறக்கலையே?