ஜன்னலோரச் சீட்டு

— ஜான்சா, இந்த ரயிலு நவுருமா நவுராதா? அதே மரத்தையே பாத்துக்கினு கீறேன். அதுல எத்தினி எல கீதுன்னு கேளு, சொல்றேன்.

— உடு வேதகிரி. ஜெர்மன்காரன் ரயிலு. எப்படியும் ஏர்போர்ட்ல கொண்டும்போய் உட்ருவான்.

— எப்போ, பிளேன் போனப்புறமா? நாளன்னிக்கு தங்கச்சிக்குப் பொண்ணழைப்புடா. இத உட்டா, நான் உத்திரமேரூர் போய்ச் சேர்றப்போ அவ புள்ளைக்கு காது குத்திக்கினு இருப்பாங்க.

— ரெண்டு வருசம் ஒரே ரூம்ல ஆக்கித் தின்னோம். நீ படிச்சி முடிச்சி ஊருக்குக் கெளம்பிட்ட, கடைசியா ஒருவாட்டி ரயில்ல சேந்து போறோம். மூஞ்ச இப்படி வெச்சிக்கினு வரியே மச்சி.

— பின்ன, ஊர்வலம் போற மாப்ள மாதிரி சிரிச்சிக்கினு வரணுமா? காலையில ரூம காலி பண்றப்போ, எங்கம்மா குடுத்த மொளகாத்தூள் மொத்தமும் உன் கையில குடுத்தேனே. அதவுட இன்னாடா பாசம் காட்றது?

— அதுவும் சரிதான். உங்கூட்டுச் சோறு தின்னு வளந்தவன்தானே நான்.

— முன்னாடி போன ரயிலையே புடிச்சிருக்கலாம். நான் பெட்டிய இஸ்துக்கினு படியேறி வர்றதுக்குள்ள போயிடுச்சி. நீதான் முன்னாலேயே ஓடினியே, நிறுத்தி வெக்கக் கூடாதா?

— எங்க நிறுத்தறது? நம்ம காஞ்சிபுரம் பஸ்ஸா, பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டினா நிக்கறதுக்கு?

— பஸ் ஸ்டாண்டுல மட்டும் கில்லாடி. பஸ்ஸு திரும்பறதுக்குள்ள ஜன்னல்ல துண்டப் போட்டு ஊருக்கே சீட்டு புடிப்ப. டிரைவர் சீட்லயும் ஒருவாட்டி போட்டவன்தானே நீ.

— அது... ஊருல, மச்சி.

— இரு. எதிர்ல கீற அம்மா ஏதோ சொல்லுது.

— இன்னாவாம்?

— முன்னாடி போன ரயில்ல எவனோ ஒரு பேமானி பைய உட்டுட்டானாம். ஆளில்லாத பைன்னா குண்டுன்னு பயந்து, அந்த ரயில அடுத்த ஸ்டேஷன்லயே நிறுத்திட்டாங்களாம். அது நவுந்தாத்தான் இது நவுருமாம்.

— அப்படியா.

— மோப்ப நாயெல்லாம் வந்துகீது. போன்ல படம் காட்டுது பாரு. பைய மோந்ததுலேர்ந்து நாய் தும்மிக்கினே கீதாம். தும்முன வேகத்துல போலீஸ்காரர் தொப்பி எகிறி அடுத்த பிளாட்பாரத்துல உழுந்துச்சாம்.

— சரி உடு. எவனோ, பாவம்.

— பாவமா? என் தங்கச்சி கல்யாணத்தயே பேஜார் பண்ணிட்டான். அவனுக்கெல்லாம் எந்த அம்மா சோறு போட்டு வளத்துச்சோ. இன்னாடா, உனுக்கு எதுக்கு வேர்க்குது?

— இவ்ளோ தூரம் நீ நின்னுக்கினே வரக் கூடாதுன்னுதான் மச்சி...

— இன்னாது?

— ஜன்னலோரமா ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சி. தோள்ல துண்டு இல்ல. கையில இருந்த பையப் போட்டுட்டு உன்னக் கூப்புடக் கீழ எறங்கினேன், கதவு தானா மூடிக்கிச்சி.

— எந்தப் பைடா?

— சோறு போட்ட அம்மா யாருன்னு கேட்டியே. உங்கம்மாதான். அவங்க இடிச்சிக் குடுத்த மொளகாத்தூள்தான் மச்சி அது.