மயில்கழுத்து நிறத்தில் இரண்டு காசுகள்

மனைவி: ஷூவைக் கழட்டுங்க. இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்.

கணவன்: ஏன், கெட்ட கனவு கண்டியா?

மனைவி: உங்க சட்டைப்பையில இருந்த ரெண்டு காசும் மயில்கழுத்து நிறமா மாறியிருந்துச்சுல்ல...

கணவன்: ஓ, அதா... அதை வித்து கார் வாங்கிடலாம்னு குதிச்சியே. பழைய காசு வாங்கறவர்கிட்ட காட்டினியா? என்ன தர்றாராம்?

மனைவி: விலையே பேசல. "உங்க வீட்டுக்காரருக்கு எங்கேம்மா வேலை"ன்னு கேட்டார்.

கணவன்: எதுக்காம்? பொண்ணு குடுக்கப் போறாரா?

மனைவி: விளையாடாதீங்க. காத்துல கந்தக வாயு இருந்தா, செம்பு கலந்த காசு மேல படலம் படியுமாம். லேசா படிஞ்சா மஞ்சள்... இன்னும் படிஞ்சா ஊதா, நீலம்... கடைசியில கறுப்பு.

கணவன்: படிஞ்சா படியட்டும். காசு தானே...

மனைவி: அந்தப் பைக்கு மேலதான் உங்க மூக்கு இருக்கு. தோல் ஃபேக்டரியில ஸ்டோர் வேலைன்னு தானே சொன்னீங்க? ஸ்டோருக்குள்ள அந்த வாயு எப்படி வந்துச்சு?

கணவன்: கழிவுத் தொட்டி பக்கத்துலதான். அங்கேருந்து கொஞ்சம்...

மனைவி: என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: ...தொட்டிக்குள்ளதான் இறங்கறேன். கூலி ஜாஸ்தி வருது. பாப்பா பொறந்த செலவை வேற எப்படி...

மனைவி: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?

கணவன்: பயப்படாத. முதல்லதான் அழுகின முட்டை மாதிரி நாறும். இப்ப அந்த நாத்தமே இல்ல. தொட்டி சுத்தமாயிடுச்சு.

மனைவி: நாத்தம் இல்லையா... எப்போலேருந்து?

கணவன்: போன வாரத்துலேருந்து. ஏன் இப்படி வெளிறிப் போற?

மனைவி: வாயு போகலங்க. அது அதிகமானா முதல்ல மூக்கைத்தான் மரத்துப்போக வைக்குமாம். நாத்தம் இல்லன்னு நம்பித்தான் காசுக்கடைக்காரர் தம்பியும் இறங்கினாராம். திரும்பி ஏறி வரல.

கணவன்: அவர் கதை வேற. என் மூக்கு நல்லாத்தான் இருக்கு.

மனைவி: அப்படியா? அடுப்புல பால் கருகிட்டு இருக்கு. வேணும்னேதான் விட்டேன். வீடெல்லாம் கருகல் வாடை. நீங்க பாட்டுக்கு ஷூ கயிறு கட்டறீங்க.

கணவன்: எனக்குத் தெரியும்மா. நேத்து பாப்பாவோட உச்சந்தலைய மோந்து பாத்தேன்... சூடு மட்டும்தான் தெரிஞ்சுது.