சிவப்பு நூல் கட்டாத பாட்டில்

— அந்தக் கோட்டை ஆணியிலேயே விடுங்க, முருகானந்தம்.

— திங்கக்கிழமை மேடம். லேப் கோட்டு எல்லாம் சலவைக்குப் போற நாள். உங்க உத்தரவுதானே, பத்தொம்போது வருசமா.

— இன்னிக்கு என்னோடது வேண்டாம். அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

— ரோஷன் பேகம்தானே? நல்லா இருக்கு மேடம். இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. ஆசிட் பட்டது கன்னத்துல ரெண்டு பொட்டு, மணிக்கட்டுல ஒரு கோடு. ஆறிடும்னு சொல்லிட்டாங்களாம். கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நெசமா சொல்றேன், யாழினி மேடம் மட்டும் அந்தக் கண்ணாடியை எல்லாருக்கும் மாட்டி விடலேன்னா...

— ஆமாமா, யாழினி மேடம்! அந்தக் கண்ணாடிக்கு எட்டு வருசமா எழுதிக் குடுத்தவ யாரு? நான். ஒவ்வொரு தடவையும் துறைத்தலைவர் "பாப்போம் பானுமதி, பாப்போம் பானுமதி"ன்னார். இவ ஸ்ரீரங்கத்துலேருந்து ஸ்கூட்டியில வந்து இறங்கினா. ரெண்டே மாசம், நாப்பது கண்ணாடி வந்துடுச்சு! அதோட லேப் பாதுகாப்புப் பொறுப்பும் அவளுக்கே. என்ன பெரிய மந்திரமோ!

— அவங்க என்ன மேடம் பண்ணுவாங்க? குடுத்தாங்க, வாங்கிக்கிட்டாங்க.

— நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சாச்சா?

— அட போங்க மேடம். நான் எந்தப் பக்கமும் இல்ல, குழாய்ப் பக்கம். இருவது நிமிசம் யாழினி மேடம் அந்தப் பொண்ணைக் குழாய்க்கு அடியில புடிச்சிக்கிட்டு நின்னாங்க, புடவை பூரா நனைஞ்சு போச்சு. பொண்ணு போதும் போதும்னு கத்துது, இவங்க விடல. நீங்க அப்ப தராசு ரூம் வாசல்லயே நின்னீங்க.

— கால் நகரல, முருகானந்தம்.

— தெரியுது. நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— பாக்கெட்டுல கைவிட்டுப் பாக்காம எந்தக் கோட்டையும் சலவைக்குப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க சாப்பிடப் போனப்பவே பாத்துட்டேன். உங்க பாக்கெட்டுல கசக்கின காகிதம் ஒண்ணு இருந்துச்சு. நீல ஓரம் போட்டது. பின்னாடி பசை.

— குப்பையில போட்டுடுங்க.

— காலையில எட்டு மணிக்கு லேபைத் திறந்தது நீங்க. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாட்டிக்கிட்டு ஒம்போதரைக்குத்தான் வந்தேன். அதுவரைக்கும் சாவி உங்க கையிலதான்.

— இப்ப என்ன சொல்ல வரீங்க?

— நான் ஒண்ணும் சொல்லல மேடம். மூணு மணிக்குப் பிரின்ஸ்பால் ரூம்ல விசாரணை. லேபிள் எப்படிப் போச்சுன்னு அவங்க கேப்பாங்க.

— ஒண்ணே ஒண்ணுதான் உரிச்சேன்.

— ஐயோ மேடம்.

— கதவைச் சாத்துங்க. ஆமா, உரிச்சேன். எந்தப் பாட்டிலைத் திருப்பினாலும் "பொறுப்பு: யாழினி", "பொறுப்பு: யாழினி". நான் கழுவி, நான் நிரப்பி, நான் பூட்டி வெச்ச லேப் இது! பொறாமைதான். வயிறு எரியுது, போதுமா? காலையில யாரும் இல்ல. அந்த நீல ஓரத்தைப் பாத்ததும் கை சும்மா இருக்கல.

— அதுக்குன்னு கந்தக ஆசிட் பாட்டிலா? அதுவும் தண்ணி கலக்காத ஆசிட்!

— எனக்குத் தெரியாதா அது எதுன்னு? உறையூர்லேருந்து வாங்கிட்டு வந்த சிவப்பு நூல் இருக்குல்ல, அதைப் பழையபடி பாட்டில் கழுத்துல கட்டி வைக்கலாம்னுதான் உரிச்சேன். நூல்கண்டைக் காணோம். தேடித் தராசு ரூமுக்குப் போனேன். அதுக்குள்ள மணி அடிச்சுப் பிள்ளைங்க வந்துட்டாங்க.

— இப்பப் புரியுது. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே ஒண்ணு சொல்லுச்சு. "சிவப்பு நூல் இல்லையேண்ணா, அதான் தண்ணி கலந்ததுன்னு எடுத்தேன்"னு. போன வருசம் பூரா நீங்க அதைத்தானே சொல்லிக் குடுத்தீங்க? நூல் இருந்தா தொடாதே, நூல் இல்லேன்னா எடுத்துக்கோ.

— பத்தொம்போது வருசத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்புளம் வந்ததில்ல என் நூலால!

— வந்ததில்ல மேடம். நெசம்தான். ஆனா இன்னிக்கு அந்தப் பாட்டில்ல நூலும் இல்ல, லேபிளும் இல்ல. நாலு சொட்டு விட வேண்டிய இடத்துல அந்தப் பொண்ணு சரிச்சு ஊத்திடுச்சு. டெஸ்ட் டியூப்ல இருந்தது சோடா உப்பு, பொங்கி மேல அடிச்சுடுச்சு.

— போதும்.

— போய்ச் சொல்லிடுங்க மேடம். உங்களை யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க.

— சொல்லிட்டு? அவ முன்னாடி நான் தலை குனிஞ்சு நிக்கணுமா? அவ மன்னிப்பா, பல்லைக் காட்டிக்கிட்டு. அதுக்கு நான்... யாரோ வராங்க. அந்தக் காகிதத்தை மறைங்க.

— பானுமதி மேடம், உள்ள வரலாமா?

— வாங்க யாழினி. உங்க லேபு, என்னை எதுக்குக் கேக்கறீங்க?

— ஐயோ மேடம், அப்படியெல்லாம் சொல்லாதீங்க. சாப்பிட்டீங்களா? காலையில ரொம்ப பயந்துட்டீங்க. முகமே சரியில்ல.

— என் முகத்துக்கு என்ன? விசாரணைக்குத் தயாரா?

— எழுதிட்டேன் மேடம், ரெண்டு பக்கம். லேபிள் எப்படிப் போச்சுன்னே தெரியல. பசை சரியில்லையோ என்னவோ. வெள்ளிக்கிழமை சாயந்திரம் உக்காந்து எல்லாப் பாட்டிலுக்கும் புதுசா மாத்தி ஒட்டினேன்.

— எல்லாத்துக்கும் புதுசாவா? ஏன், பேரு சின்னதாத் தெரிஞ்சுதோ?

— அது இல்ல மேடம். வெள்ளிக்கிழமை துறைத்தலைவர்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். அவரும் சரின்னுட்டார். காலையில வந்ததும் உங்ககிட்ட சொல்லணும்னு ஸ்வீட் கூட வாங்கிட்டு வந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு.

— ஸ்வீட்டு வேறயா! எனக்குச் சர்க்கரை. ஒண்ணு கேக்கறேன் யாழினி. லேபிள்ல யார் பேரு இருக்கோ அந்தப் பாட்டிலுக்கு அவங்கதான் பதில் சொல்லணும். நீங்க போட்ட சட்டம்தானே?

— ஆமா மேடம்.

— அப்ப அந்தப் பாட்டில்ல எந்தப் பேரு இருந்துச்சோ, அவங்கதானே பொறுப்பை விட்டு இறங்கணும்?

— சட்டப்படி பாத்தா அப்படித்தான். ஆனா அந்தப் பேரை அறிக்கையில நான் எழுதல மேடம். என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

— ஏன், பயமா இருக்கா?

— எனக்காக இல்ல மேடம்.

— பின்ன யாருக்காக?

— வந்து சொல்றேன், மணியாச்சு. ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க பிரின்ஸ்பால் ரூமுக்கு வராதீங்க, நானே பாத்துக்கறேன். முருகானந்தம் அண்ணே, மேடத்துக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. போயிட்டு வரேன்.

— பாத்தீங்களா முருகானந்தம்? என்னை வராதேன்னு சொல்றா! மாட்டிக்கிட்டா கூட எப்படிப் பேசறா பாருங்க, புண்ணியவதியாட்டம். போகட்டும். இன்னிக்கோட அந்தப் பொறுப்பு அவ கையை விட்டுப் போகுது. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க.

— போடறதுக்கு முன்னால படிச்சுடறேன் மேடம். லேபிளைப் படிக்காம எதையும் எடுக்கவும் கூடாது, கொட்டவும் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொல்லுவீங்கல்ல. எடுக்கும்போது ஒரு தரம், ஊத்தும்போது ஒரு தரம், வைக்கும்போது ஒரு தரம்.

— அதுல படிக்க என்ன இருக்கு? அவ பேரு!

— உரிக்கும்போது நீங்க படிக்கலீங்களா?

— எத்தனை தரம்தான் படிக்கறது! ரெண்டு மாசமா அதைத்தானே பாக்கறேன். நீல ஓரம் தெரிஞ்சுது, உரிச்சேன், கசக்கினேன்.

— மேடம்.

— என்ன?

— இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— உக்காரல்லாம் வேண்டாம், சொல்லுங்க.

— "அடர் கந்தக அமிலம். தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவவும். ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பு: முனைவர் பானுமதி."