கடைசி ஜாயிண்ட்

— பொட்டி கத்தலைங்கிறதுக்காக மண்ணைத் தள்ளச் சொல்லிடுவியா? குழியில இறங்கி இன்னொரு தடவை பாரும்மா.

— ரெண்டு தடவை ஓட்டிட்டேன்ப்பா. கேஸ் குழாய் மேல சுத்தின டேப்புல ஊசி ஓட்டை இருந்தாக்கூட கத்துற மிஷின் இது. கத்தலை. இந்தக் கடைசி ஜாயிண்ட்டோட இங்க என் வேலை முடிஞ்சுது. சாயங்காலம் வண்டி.

— காலையிலேர்ந்து வண்டி, வண்டின்னு அதையே பாடிக்கிட்டிரு.

— புது சைட்டுக்குப் போனா நெனச்சப்ப வர முடியாது. உங்களோட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்பலாம்னு பார்த்தா, வம்பு பண்றீங்க.

— உன் பொட்டிக்கு ஓட்டைதான் தெரியும். டேப்பு குழாயைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்? கத்தியை எடு. ஒரு துண்டு அறுத்து இழுத்துப் பாரு.

— நீங்களா சொல்றீங்க? போன மாசம் நீங்க சுத்தின டேப்புல கத்தி வச்சேன்னு என்கூட முகம் குடுத்துப் பேசலை. பெத்த பொண்ணை இன்ஸ்பெக்டரம்மான்னு கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கினீங்க.

— அது அப்போ. இப்போ அறு.

— சரி, நகருங்க... அப்பா! என்ன இது? இழுக்கவே வேண்டாம், பழத்தோல் மாதிரி தானா வருது.

— ம்.

— உள்ள தொட்டுப் பாருங்க. ஈரம்! டேப்புக்கு அடியில பூசுற பிரைமர் ஒட்டவே இல்லை. குழாய் பனியில வேர்த்துக் கிடக்கும்போதே பூசி, அது மேலயே சுத்தியிருக்கு. இப்படியே புதைச்சா உள்ளுக்குள்ள துரு அரிச்சு, ஒரு நாள் கேஸ் கசிஞ்சு, மேல குடியிருக்கிறவங்க கதி?

— அதான் அறுக்கச் சொன்னேன்.

— வெயில் ஏறுற வரைக்கும் டேப்பு உருளையை யாரையும் தொட விடாத ஆளு நீங்க. உங்களுக்கா இப்படி?

— வயசாச்சு. கண்ணு தெரியலை. ஃபெயில்னு எழுதிக்கோ.

— எழுதினா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா.

— அனுப்பட்டும். அப்பன்னு பார்த்து விட்டுட்டாள்னு எவனும் உன்னைப் பேசக்கூடாது.

— இதை முழுசா உரிச்சு, தேய்ச்சு, காயவச்சு, மறுபடியும் சுத்தணும். இன்னிக்கு நடக்காது. என் வண்டி போச்சு.

— போனாப் போகுது. ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?

— என்னப்பா, வேலை கெட்டுப்போய் நிக்கிறோம், சிரிக்கிறீங்க?

— எவன் சிரிச்சான்? வெயில்ல கண்ணு கூசுது.

— சரி விடுங்க, மனசை விடாதீங்க. காலையில வெயில் வந்ததும் நானே கூட நின்னு சுத்தித் தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் கிளம்பிக்கிறேன்.

— நாளைக்கும் வண்டி இருக்கா?

— தினமும் இருக்குப்பா.

— அப்ப அந்தப் பக்கம் மண்ணு போடாம ரெண்டு ஜாயிண்ட் கிடக்கு பாரு, அதையும் அறுத்துடு. அதையும் ஈரத்துலதான் சுத்தினேன்.